திரவமாக்கும் முன் இயற்கை எரிவாயுவில் கலக்கும் எண்ணெயைக் கட்டுப்படுத்துவது எப்படி?

கம்ப்ரசருக்குப் பின்னால் நல்ல ஃபில்டர் இருந்தும், கம்ப்ரசரின் மசகு எண்ணெய் குளிர்ப்பெட்டியில் (வாயுவைத் திரவமாக்கும் வெப்பப் பரிமாற்றி இருக்கும் பெட்டி) சேர்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபில்டரைக் குறை சொல்லும் முன், அதற்குள் நுழையும் வாயுவின் வெப்பநிலையைப் பாருங்கள்.

எண்ணெய் நுண்துளியாகவும் வரும், ஆவியாகவும் வரும். கோலெசிங் ஃபில்டர் நுண்துளிகளை ஒன்றுசேர்த்துச் சொட்டவைக்கும், ஆவியைக் கண்டுகொள்ளாது. வாயுவைச் சூடாகவே உள்ளே விட்டால் ஆவி தப்பித்துப் போய், அப்பால் குளிர்ந்து துளியாகிவிடும். ஆகவே முதலில் கூலர், அடுத்து ஃபில்டர், மிச்ச ஆவிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் படுகை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? வளிமண்டல அழுத்தத்தில் மீத்தேன் திரவமாவது மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் அருகே. எண்ணெய் அதற்கு வெகு முன்பே இறுகிவிடும். அலுமினிய வெப்பப் பரிமாற்றியின் வழிகளோ சில மில்லிமீட்டர்தான். கையை விட்டுத் துடைக்க முடியாது. ஆலையை நிறுத்திச் சூடேற்றினாலும் கனமான எண்ணெய் முழுதாகப் போகாது.

குளிர்ப்பெட்டிக்கு முன்பே, வாயுவின் ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை அடிவாங்கும். அது உறிஞ்சிய ஈரத்தைப் போக்க 200 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது துளைகளில் புகுந்த எண்ணெய் கருகிக் கரியாகும். வாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கும் அமீன் கரைசல் நுரைப்பதும் இதே எண்ணெயின் வேலையாக இருக்கலாம்.

ஃபில்டரில் அழுத்த வேறுபாடு ஏறினால் எல்லோரும் ஓடுவார்கள். எனக்கோ அது திடீரென இறங்கினால்தான் பயம், உள்ளே கிழிந்திருக்கும். வடிகாலில் தினமும் இறங்கும் எண்ணெயைக் குறித்து, கம்ப்ரசரில் ஊற்றும் அளவோடு ஒப்பிடுங்கள். கசிவும் இல்லை, கணக்கும் இடிக்கிறது என்றால், அந்த எண்ணெய் குளிர்ப்பெட்டியை நோக்கித்தான் போகிறது.