வாசகர் கேள்வி பதில்: ரோம், கார்த்தேஜ், நடுவே ஒரு காக்கை

ரோமுக்கும், இன்றைய துனிசு நகரை ஒட்டியிருந்த கார்த்தேஜுக்கும் இடையே மூன்று போர்கள் நடந்தன: கி.மு. 264–241, 218–201, 149–146. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ரோமானியக் கப்பலில் இருந்த 'காக்கை'ப் பாலத்தை என் மாணவர்கள் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்கிறார்கள். பலகையைத் தூக்கினால் பாதியில் சிக்குகிறது. இறக்கினால் கப்பல் முன்பக்கமாகக் குப்புற விழுகிறது. சரியான அளவு என்ன?
*தமிழ்ப்பள்ளி ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்*

பதில்: 'காக்கை' என்பது எதிரிக் கப்பலின் மேல் இறக்கி, வீரர்கள் அதன் வழியே அங்கே ஏறிப்போகும் பலகைப்பாலம். அளவுகளைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விவரமாகவே எழுதி வைத்திருக்கிறார். கப்பலின் மூக்கில் 24 அடி உயரக் கம்பம், அதன் உச்சியில் ஒரு கப்பி. பலகை 36 அடி நீளம், 4 அடி அகலம், இரு பக்கமும் முழங்கால் உயரத் தடுப்பு. பலகையின் நுனியில் கூரான இரும்பு ஒன்று. அதன் மேல்முனையில் உள்ள வளையத்தில் கயிறு கட்டி, கப்பி வழியாகத் தூக்குவார்கள். அந்த இரும்பை அவர் உலக்கைக்கு ஒப்பிடுகிறார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பம் 12 அங்குலம், பலகை 18க்கு 2 அங்குலம். கம்பத்துக்குச் சுண்டுவிரல் பருமனில் உருண்டைக் கம்பு போதும். காலி நூல்கண்டு கப்பியாகும், தடுப்புக்குச் சாத்தே குச்சிகள் பொருந்தும். முழுக் கப்பலையும் இந்த அளவில் செய்ய முயலாதீர்கள். பக்கத்துக்கு ஐந்து வரிசைத் துடுப்புக்காரர்கள் உட்காரும் ஐந்து வரிசைக் கப்பல் ஏறத்தாழ 45 மீட்டர் நீளம் என்று கணிக்கிறார்கள். மாதிரி 6 அடியைத் தாண்டிவிடும். மூக்குப் பகுதி மட்டும் செய்தால் போதும்.

பலகை சிக்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, கம்பம் நுழையும் பலகைத் துளையை வட்டமாக வெட்டியிருப்பீர்கள். பலகை சாயும்போது வட்டத் துளை கம்பத்தை இறுக்கிப் பிடிக்கும். பொலிபியஸ் சொல்வது நீள்துளை. அது பலகையின் உள்முனையிலிருந்து 12 அடியில், அதாவது உங்கள் மாதிரியில் 6 அங்குலத்தில் வரும். இரண்டாவது, ஒரே பலகையாக வைத்தால் வெளிமுனை மேலே போகும்போது உள்முனை தளத்தில் இடிக்கும். துளை உள்ள இடத்தில் ஒரு கீல் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுவது இதனால்தான். 6 அங்குலத்தில் வெட்டித் துணிப்பட்டை ஒட்டிக் கீலாக்குங்கள். வெளியே 12 அங்குலம் மிஞ்சும். நிமிர்த்தினால் கம்பத்தின் உயரத்துக்குச் சரியாக நிற்கும். கீல் இருந்தது என்ற கருத்துக்கு இந்தப் பொருத்தத்தைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

கப்பல் குப்புற விழுவதோ, உண்மையான கப்பலுக்கும் இருந்த தொல்லை. அவ்வளவு பாரத்தை மூக்கில் ஏற்றினால் முன்பக்கம் அமுங்கத்தான் செய்யும். கி.மு. 260இல் சிசிலித் தீவின் மிலேயில் நடந்த கடற்போரில் இந்தப் பாலம் ரோமுக்கு வெற்றி தேடித்தந்தது. ஆனால் கி.மு. 255இல் சிசிலியின் தென்கரையில் புயல் அடித்தபோது 364 கப்பல்களில் 80 மட்டுமே தப்பின. மாலுமிகளின் எச்சரிக்கையைத் தளபதிகள் கேட்கவில்லை என்று பொலிபியஸ் குறை சொல்கிறார். மூக்கில் இருந்த பாரமும் சேர்ந்துகொண்டது என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. அதன் பிறகு நடந்த போர்களில் காக்கையைப் பற்றிய பேச்சே இல்லை. உங்கள் மாதிரியின் பின்பக்கத்தில் மீன்பிடி ஈயக்குண்டுகளைக் கட்டுங்கள். ஏன் கட்டினோம் என்பதையும் மாணவர்களே பார்வையாளர்களுக்குச் சொல்லட்டும்.

பொம்மை வீரர்களை வைப்பதாக இருந்தால் இருவர் இருவராக நிறுத்துங்கள். முதல் இருவர் கேடயத்தை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பார்கள். பின்னால் வருபவர்களின் கேடயங்கள் பக்கத் தடுப்பின் மேல் ஊன்றியிருக்கும்.

கேள்வி: கடல் பழக்கமே இல்லாத ரோமானியர்கள் 60 நாளில் கப்பல்படை கட்டியது நம்பக்கூடியதா?
*வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு*

பதில்: 60 நாள் கணக்கு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி சொல்வது. ஐந்து வரிசைக் கப்பல் 100, மூன்று வரிசைக் கப்பல் 20 என்ற எண்ணிக்கை பொலிபியஸ் தருவது. இத்தாலிக்கும் சிசிலிக்கும் நடுவே உள்ள மெசினா நீரிணை மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான், நீங்கள் பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரியில் கடக்கும் தூரம். அங்கே தரைதட்டிய ஒரு கார்த்தேஜ் கப்பல் ரோமானியர் கையில் சிக்கியது. அதையே அச்சாக வைத்துக்கொண்டார்கள். கப்பல் தயாராகும்வரை துடுப்புக்காரர்களைக் கரையில் பெஞ்சு போட்டு உட்காரவைத்துப் பழக்கினார்கள்.

வேகத்துக்கான ரகசியம் கார்த்தேஜ்காரர்களிடமே இருந்திருக்கலாம். சிசிலியின் மர்சாலா அருகே 1971 முதல் அகழ்ந்தெடுத்த கார்த்தேஜ் கப்பலின் மரங்களில், எது எங்கே சேர வேண்டும் என்று பினீசிய எழுத்துகளைத் தீட்டியிருந்தார்கள். முன்கூட்டியே அறுத்து, குறி போட்டு, பிறகு பூட்டும் முறை அது. அப்படி ஒரு கப்பல் கையில் கிடைத்தால் 60 நாள் நம்ப முடியாத கணக்கல்ல.

கேள்வி: கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் யானைகள் நம் நாட்டு யானை இனமா? ஆற்றை எப்படிக் கடந்தன?
*வாசகர், பட்டர்வொர்த்*

பதில்: பெரும்பாலானவை வடஆப்பிரிக்க யானைகள். ஆசிய யானையைவிடச் சிறியவை, பின்னர் அற்றுப்போய்விட்டன. ஆனால் 'சூருஸ்', அதாவது சிரியாக்காரன் என்று பெயர் பெற்ற ஒரு யானை சிரியா வழியாக வந்த ஆசிய இனமாக இருக்கலாம். இன்னொன்று நம்மவர்களுக்குப் பிடிக்கும்: பாகர்களைப் பொலிபியஸ் 'இந்தியர்கள்' என்றே எழுதுகிறார். அவர்கள் பிறப்பால் இந்தியரா, அல்லது அதுவே அந்தத் தொழிலின் பெயராகிவிட்டதா என்பது இன்றும் விவாதம்தான்.

கி.மு. 218இல் இத்தாலி நோக்கிப் போன ஹன்னிபால் படை இன்றைய பிரான்சின் ரோன் ஆற்றங்கரைக்கு வந்தபோது அதில் யானைகள் 37. தெப்பங்களை இரண்டிரண்டாகப் பிணைத்து, 50 அடி அகலத்தில் கரையிலிருந்து 200 அடி தூரம் ஆற்றுக்குள் நீட்டினார்கள். நீரோட்டம் இழுக்காமலிருக்க மேல்பக்கக் கரையின் மரங்களோடு வடம் கட்டினார்கள். கடைசியில் இருந்த இரண்டு தெப்பங்களை மட்டும் சட்டென்று அறுக்கக்கூடிய கட்டாகக் கட்டி, படகுகளோடு இணைத்தார்கள். மேலே முழுக்க மண் கொட்டி, கரைப்பாதை போலவே சமன் செய்தார்கள். பெண் யானைகள் முன்னால் நடக்க, மற்றவை பின்தொடர்ந்தன.

கட்டை அறுத்ததும் காலடி ஆடியது, யானைகள் மிரண்டன. நாலாபக்கமும் தண்ணீரைப் பார்த்ததும் நடுவில் ஒண்டிக்கொண்டதால்தான் பெரும்பாலானவை அப்படியே அக்கரை சேர்ந்தன. சில தண்ணீரில் விழுந்தன. அவற்றின் பாகர்கள் மாண்டார்கள். யானைகள் தும்பிக்கையை மேலே நீட்டி மூச்சுவிட்டபடி கரையேறிவிட்டன.

ஆல்ப்ஸ் மலையில் பாதை சரிந்துபோன ஓரிடத்தில், குதிரைக்கு வழி வெட்ட ஒரு நாளும் யானைக்கு வெட்ட மூன்று நாளும் ஆயின. அதுவரை யானைகளுக்குத் தீனி கிடையாது. ரோனைக் கடந்தபோது 38,000 காலாட்களும் 8,000 குதிரை வீரர்களும் இருந்த படை, இத்தாலியில் இறங்கியபோது 20,000, 6,000 என்று சுருங்கியிருந்தது.

கேள்வி: கார்த்தேஜ் பெண்கள் கூந்தலை அறுத்து ஆயுதம் செய்யக் கொடுத்தார்கள் என்கிறார்களே, கூந்தலால் எப்படி ஆயுதம் செய்வது?
*வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்*

பதில்: கவண்பொறி செய்யத்தான். அந்தக் காலத்துக் கவண்பொறியின் விசை முறுக்கிய கயிற்றுக் கற்றையில் இருந்தது. மரச்சட்டத்தில் இரண்டு கற்றைகளை இறுக முறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மரக்கையைச் செருகுவார்கள். நாணைப் பின்னுக்கு இழுத்தால் கற்றை மேலும் முறுகும்; விட்டால் உதறிக்கொண்டு முன்னே பாயும். சாதாரணக் கயிறு இரண்டொரு தடவையில் தளர்ந்துவிடும். மாட்டு நரம்பும் முடியும்தான் திரும்பத் திரும்ப நீண்டு சுருங்கும். பெண்களின் கூந்தல் மெல்லியது, நீளமானது, எண்ணெய் குடித்து வளர்ந்தது, அதனால் உறுதியானது என்று அலெக்சாந்திரியாவின் ஹெரோன் தம் பொறிநூலில் எழுதியிருக்கிறார்.

அந்த நிலை வந்த விதம் கொடுமையானது. கி.மு. 149இல் ரோம் கேட்டபடி 300 பிணையாட்களையும், பிறகு 2,000 கவண்பொறிகளையும் கார்த்தேஜ் ஒப்படைத்தது. எல்லாம் கைக்கு வந்த பிறகுதான், நகரத்தைக் காலிசெய்து கடலிலிருந்து 80 ஸ்தாதியா, ஏறத்தாழ 15 கிலோமீட்டர், உள்ளே போங்கள் என்றார்கள். கடல் வணிகத்தில் வாழ்ந்த ஊருக்கு அது மரண ஓலை. வரலாற்றாசிரியர் அப்பியன் தரும் கணக்குப்படி கோயில்கள்கூடப் பட்டறையாகி, நாளுக்கு 100 கேடயம், 300 வாள், 500 ஈட்டி, கவண்பொறிக்கு 1,000 கணை செய்தார்கள். ஆயுதமே இல்லாமல் தொடங்கிய ஊர் மூன்றாம் ஆண்டு வரை தாக்குப்பிடித்தது. கடைசி ஆறு நாள் தெருத்தெருவாக, மாடிமாடியாகச் சண்டை. கோட்டை மேட்டிலிருந்து சரணடைந்து வெளியே வந்த 50,000 பேரும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

கேள்வி: ரோமானியர் கார்த்தேஜ் மண்ணில் உப்பைத் தூவினார்களா?
*மாணவர், ஆயர் ஈத்தாம், பினாங்கு*

பதில்: இல்லை. பழைய ஆசிரியர் எவரும் அப்படி எழுதவில்லை; மிகப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை அது. ரோமுக்கு அந்த மண் வேண்டியிருந்தது. கார்த்தேஜைச் சேர்ந்த மாகோ வேளாண்மை பற்றி எழுதிய 28 பகுதி நூலை லத்தீனில் பெயர்க்கச் சொன்னதே ரோமின் செனட் சபைதான். பிற்காலத்தில் ரோம் நகரத்துக்குப் போன கோதுமையில் பெரும்பங்கு அந்த வயல்களில் விளைந்தது.