ஆன்வோ போகலாமா? முதலில் காற்றைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் பிரான்ஸில், லியோனில் இருக்கிறோம். ஜூலை கடைசியில் மூன்று நாள் மார்செய் பக்கம் வருகிறோம். கஸ்ஸி என்ற துறைமுக ஊருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் குடா, ஆன்வோ என்று பெயர், அதைப் படத்தில் பார்த்ததிலிருந்து பையன் அங்கேதான் நீந்த வேண்டும் என்கிறான். பத்து வயது, குளத்தில் நன்றாக நீந்துவான். ஊரிலிருந்து அம்மாவும் வந்திருக்கிறார், 64 வயது, முழங்கால் வலி உண்டு. எல்லோரும் சேர்ந்து போக முடியுமா? என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

பதில்: போகலாம். ஆனால் எல்லோரும் ஆன்வோவுக்குப் போக முடியாது. அம்மாவை அங்கே கூட்டிப் போகவே வேண்டாம். அவருக்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தக் கரையில் பல வருடங்களாக நடந்தும் நீந்தியும் வருகிற அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: எந்தக் குடா என்பதைவிட எந்த நாள் என்பதுதான் முக்கியம். மூன்று நாள் இருக்கிறது என்கிறீர்கள், அது நல்ல விஷயம். மூன்றில் எந்த நாள் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள்.

காரணம் மிஸ்த்ரால். வடமேற்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வரும் காற்று அது, லியோனில் இருப்பதால் அதன் மேல்முனையை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். மிஸ்த்ரால் அடிக்கும் நாளில் வானம் பளிங்கு மாதிரி இருக்கும், குடாவுக்குள் தண்ணீர் கண்ணாடித் தகடு போலக் கிடக்கும், படம் எடுக்க இதைவிட நல்ல நாள் இல்லை என்று தோன்றும். அந்த நாளில்தான் மூன்று சிக்கல்கள் சேர்ந்து வருகின்றன.

முதலாவது தீ. இந்த மலையெல்லாம் அலெப்போ பைன் மரமும் காய்ந்த புதரும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை மலைப்பாதைகளைத் திறப்பதா மூடுவதா என்று மாவட்ட நிர்வாகம் தினமும் முடிவு செய்கிறது. காற்று பலமாக இருந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் நடந்து உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான், கெஞ்சிப் பயனில்லை. மறுநாளுக்கான நிறம் முந்தைய நாள் மாலையே தெரிந்துவிடும். இந்தப் பகுதி தேசியப் பூங்கா, இந்தக் குடாக்களுக்குக் கலாங்க் என்று பெயர்; பூங்காவின் 'மே கலாங்க்' என்ற செயலியை இப்போதே போனில் இறக்கி வையுங்கள், தினமும் மாலையில் அதைப் பாருங்கள். ஓட்டல்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்வதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இரண்டாவது குளிர், இதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் இந்தக் காற்று, வெயிலில் சூடேறிக் கிடக்கும் மேல்தண்ணீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. நேற்று 24 டிகிரி இருந்த கடல் ஒன்றிரண்டு நாளில் 16 டிகிரிக்கு இறங்கிவிடும், அதுவும் நடுக் கோடையில், 33 டிகிரி வெயிலில். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே பச்சை, அதே நீலம். ஒன்றரை மணி நேரம் வியர்க்க நடந்து வந்து, அப்படியே பாறையிலிருந்து குதித்தால் மூச்சு ஒரு கணம் அடைத்துக்கொள்ளும், கை கால் சொன்னபடி கேட்காது. பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: குதித்து இறங்குவது கிடையாது. முதலில் நிழலில் பத்து நிமிடம், அப்புறம் கால், கை, பிடரி நனைத்து மெதுவாக. குளத்தில் 28 டிகிரியில் நீந்திப் பழகிய பிள்ளைக்கு 17 டிகிரி என்பது வேறு உலகம்.

மூன்றாவது, கரையிலிருந்து வெளியே அடிக்கும் காற்று காற்றடைத்த மெத்தையையும் வளையத்தையும் சத்தமில்லாமல் குடாவின் வாய்க்கு இழுத்துப் போய்விடும். உள்ளே அமைதியாக இருக்கும், வாயைத் தாண்டியதும் கதை மாறும். அதனால் அந்த மாதிரிப் பொம்மைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் இருபது முப்பது சென்டிமீட்டர்தான் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம், இங்கே கணக்கெல்லாம் காற்றுதான். கிழக்கிலிருந்து அடித்தால் தண்ணீர் சூடாகவே இருக்கும், ஆனால் அலை நேராகக் குடாவுக்குள் வந்து பாறையில் மோதும். அன்றைக்கும் நீச்சல் வேண்டாம்.

சரி, காற்றில்லாத நாள் கிடைத்துவிட்டது, பாதையும் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவது?

கஸ்ஸி துறைமுகத்திலிருந்து மேற்கே வரிசையாக மூன்று குடாக்கள். முதலில் போர்மியூ, அரை மணி நடை. நீண்டு ஒடுங்கிய குடா, முழுக்கப் படகுகள் கட்டிக் கிடக்கும், நீந்துவதற்கான இடம் இல்லை. தரைக்கடியில் ஓடிவரும் ஒரு ஆறு இங்கே கடலுக்குள்ளேயே திறக்கிறது என்பது அதன் அதிசயம். அங்கிருந்து இன்னொரு அரை மணியில் போர்பான். அதற்கும் அப்பால், துறைமுகத்திலிருந்து மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் ஆன்வோ.

நீங்கள் படத்தில் பார்த்தது ஆன்வோ. இரண்டு பக்கமும் செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறை, நடுவில் கூழாங்கல் கரை, கைக்குட்டை அளவுதான் இருக்கும். மேட்டிலிருந்து கீழே இறங்கும் கடைசிப் பகுதிதான் சோதனை. சரிவு செங்குத்து, உருளும் கற்கள், அதைவிட மோசம் ஆயிரக்கணக்கான கால்கள் பட்டுத் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்ட பாறை. ஒரு வருடம் நான் சாதாரணச் செருப்போடு அதில் இறங்கி, பாதியில் வழுக்கி, முழங்கைத் தோல் உரிந்து கீழே போய்ச் சேர்ந்தேன். உப்புத் தண்ணீரில் அந்த எரிச்சல் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிடிமானம் உள்ள ஷூ போட்ட, நடந்து பழகிய பத்து வயதுப் பையன் பெரியவர் ஒருவர் முன்னால் இறங்க, பின்னால் வரலாம். திரும்பும்போது அதே சரிவை மாலை வெயிலில் ஏற வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். பையனின் கால் காலையில் எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள், நாலு மணிக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், முதல் தடவை குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் போர்பான்தான். கொஞ்சம் மணல், கொஞ்சம் கூழாங்கல், பைன் மர நிழல், தண்ணீருக்குள் சாய்ந்து இறங்கும் தட்டைப் பாறைகள். ஆன்வோவைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் போர்பானில் காலையில் நீந்திவிட்டு, ஒருவர் மட்டும் பையனோடு மேட்டு விளிம்பு வரை ஏறி மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். உண்மையில் ஆன்வோவின் அழகு மேலிருந்து பார்ப்பதில்தான் இருக்கிறது, கீழே போனால் ஜூலையில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். விளிம்பில் வேலி கிடையாது, பையன் கையை விடாதீர்கள்.

மார்செய் பக்கத்திலிருந்து சுஜிதோன் என்ற குடாவுக்கும் சிலர் போகச் சொல்வார்கள், லுமினி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து நடந்து போவது. அதற்குக் கோடையில் முன்பதிவு கட்டாயம். ஒரு காலத்தில் உச்ச நாட்களில் 2,500 பேர் வரை இறங்கிக்கொண்டிருந்தார்கள், மண் கரைந்து பைன் மரங்களின் வேர் வெளியே வந்துவிட்டது. 2022-லிருந்து நாளுக்கு 400 பேர்தான். பதிவு இலவசம், இல்லாமல் பிடிபட்டால் 68 யூரோ அபராதம். கட்டுப்பாடு வந்தது எனக்குப் பெரிய நிம்மதி, அந்த வேர்களைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். மற்றக் குடாக்களின் விதி மாறியிருக்கிறதா என்பதையும் அதே செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்செய் சேன்-ஷார்ல் நிலையத்திலிருந்து கஸ்ஸிக்கு ரயிலில் அரை மணிக்கும் குறைவு. ஆனால் கஸ்ஸி ரயில் நிலையம் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மலைமேல் இருக்கிறது, கீழே வர பஸ் உண்டு. காரில் வந்தால் துறைமுகப் பக்கம் இடம் தேடி ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுங்கள். எப்படி வந்தாலும் எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வெள்ளைப் பாறை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும், தொப்பிக்குக் கீழேயும் சுடும்.

எடுத்துப் போவதில் முதலிடம் தண்ணீருக்கு. ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும், ஏனென்றால் போர்பானிலும் ஆன்வோவிலும் குடிநீர்க் குழாய் இல்லை, கடை இல்லை, கழிப்பறை இல்லை, உயிர்காக்கும் காவலரும் இல்லை. சாப்பாட்டுக்குத் தயிர்ச்சாதம் கட்டிப் போனால் வெயிலில் புளித்துவிடும், புளிச்சோறோ சப்பாத்தியோ தாங்கும். நடக்க ஒரு ஷூ, தண்ணீருக்குள் போட ரப்பர் அடி உள்ள வாட்டர் ஷூ. பாறை இடுக்கில் கறுப்பாக முள் பந்து போல உட்கார்ந்திருக்கும் கடல் முள்ளெலிகளை வெறுங்காலால் மிதித்தால் அன்றைய நாள் அங்கேயே முடிந்தது. நீச்சல் கண்ணாடியை மறக்கவே கூடாது, அடியில் இருக்கும் உலகம் மேலே இருப்பதைவிட அழகு. கரையில் பழுப்பாக நாடா போல ஒதுங்கிக் கிடப்பது குப்பை இல்லை, பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. மீன் குஞ்சுகள் வளர்வது அந்தப் புல்வெளியில்தான், சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. பையனுக்குக் காட்டிக் கொடுங்கள்.

ஊதா நிறத்தில் உள்ளங்கை அளவு ஜெல்லிமீன் சில நாட்களில் வரும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், அது இன்னும் கொட்டும். கடல் தண்ணீரிலேயே அலசுங்கள், ஒட்டியிருப்பதை ஒரு அட்டை விளிம்பால் மெதுவாக வழித்து எடுங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ இருந்தால் 112. கடலில் ஆபத்து என்றால் 196, நேராகக் கடல் மீட்பு மையத்துக்குப் போகும். பாறைகளுக்கு நடுவே போன் சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சிகரெட், அடுப்பு எதுவும் மலைக்குள் கூடாது.

இனி அம்மா. கஸ்ஸி துறைமுகத்திலிருந்து மூன்று குடாக்களைச் சுற்றிக் காட்டும் படகு முக்கால் மணி நேரத்தில் போய்த் திரும்பும். எங்கும் இறக்கிவிட மாட்டார்கள், உட்கார்ந்தபடியே ஆன்வோவின் வாய் வரை பார்த்துவிடலாம், முழங்காலுக்கு வேலையே இல்லை. படகில் ஏற மட்டும் கை கொடுங்கள். அவருக்கும் கடலில் கால் நனைக்க ஆசை என்றால் ஊருக்குள்ளேயே கிராந்த் மேர் கடற்கரை, கோடையில் காவலர் இருப்பார்கள், இறங்கச் சுலபம். பெஸ்துவான் என்று இன்னொரு கடற்கரை துறைமுகத்துக்கு மேற்கே இருக்கிறது, அங்கேயும் நிலத்தடி ஆறு ஒன்று கலப்பதால் தண்ணீர் சில்லென்று இருக்கும், அவருக்கு ஒத்துவராது.

மூன்று நாளும் சிவப்பாகவே போய்விட்டால் பையனை மார்செயில் கோஸ்கேர் குகையின் மாதிரிக்குக் கூட்டிப் போங்கள். அசல் குகை இதே கரையில், மோர்ஜியூ முனைக்கு அருகே இருக்கிறது. அதன் வாசல் கடலுக்கு அடியில் 37 மீட்டர் ஆழத்தில். ஆன்ரி கோஸ்கேர் என்ற முக்குளிப்பாளர் 1985-ல் கண்டுபிடித்தார், 1991-ல்தான் வெளியே தெரிந்தது. பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. இந்தக் குடாக்கள் எல்லாம் அன்றைக்கு வறண்ட பள்ளத்தாக்குகள், மனிதர்கள் நடந்தே அந்தக் குகைக்குள் போய்க் குதிரையும் காட்டெருதும் கடல்நாயும் பென்குயின் மாதிரி ஒரு பறவையும் வரைந்து, சுவரில் கையைப் பதித்துவிட்டு வந்திருக்கிறார்கள். பழைய கைத்தடங்களுக்கு 27,000 வருடங்களுக்கு மேல் வயது. அதன் மாதிரியைத்தான் 2022-ல் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் திறந்தார்கள், உள்ளே சின்ன வண்டியில் உட்கார வைத்தே சுற்றிக் காட்டுவார்கள், அம்மாவும் வரலாம்.