முறையாக ஓவியம் கற்காத ஓவியர்களில் உங்களை அதிகம் வியக்கவைத்தவர் யார்?

ஹென்றி டார்ஜர். சிகாகோவில் மருத்துவமனைகளில் தரை துடைத்து, பாத்திரம் கழுவி, பேண்டேஜ் துணி சுருட்டிப் பிழைத்தவர். 1892-ல் பிறந்தார், நான்கு வயது நிறையும் முன்பே தாயை இழந்தார். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, பதின்வயதில் அங்கிருந்து தப்பி வந்தார். அப்புறம் சுமார் 40 வருடம் ஒரே வாடகை அறை.

1972-ல் முதுமை காரணமாக அவர் அறையைக் காலி செய்தபோதுதான், 15,000 பக்கங்களைத் தாண்டும் ஒரு கதையும் அதற்கான நூற்றுக்கணக்கான ஓவியங்களும் கிடைத்தன. குழந்தைகளை அடிமைப்படுத்தும் நாட்டை எதிர்த்து ஏழு சிறுமிகள் போராடுவதுதான் கதை. சில படுகொலைக் காட்சிகளைப் பார்க்கவே முடியாது.

பலரும் அவரது தனிமையையும் மனநிலையையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அவர் வேலை செய்த விதம்தான் பெரிய விஷயம். மனித உருவம் வரைய அவருக்குக் கை வரவில்லை. அதற்காக விட்டுவிடவில்லை. பத்திரிகைகள், விளம்பரங்கள், சிறுவர்களின் வண்ணப் புத்தகங்கள் என்று கிடைத்த படங்களை எல்லாம் சேர்த்து, கார்பன் தாள் வைத்துப் படியெடுத்தார். அளவு பொருந்தாவிட்டால் மருந்துக்கடையில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கினார் (அங்கே அந்தக் கடைகளில் போட்டோவும் கழுவித் தருவார்கள்). அதனால்தான் ஓடும் அதே சிறுமி ஒரே படத்தில் மூன்று நான்கு இடங்களில், வேறு வேறு உயரத்தில் வருகிறாள். ஆனால் வாட்டர்கலரில் அவர் பூசிய வண்ணங்கள் யாரிடமும் இரவல் வாங்கியவை அல்ல. தாள்களை ஒட்டி ஒட்டி மூன்று மீட்டர் வரை நீட்டி, பின்பக்கத்தையும் விடாமல் வரைந்தார். சுவரில் மாட்டினால் பாதி ஓவியம் மறைந்துபோகும்!

தன்வரலாறும் எழுதினார். சுமார் 200 பக்கத்தில் சொந்தக் கதையை முடித்துக்கொண்டு, மீதி ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒரு சூறாவளிக்குக் கொடுத்துவிட்டார்!

81-வது பிறந்தநாளுக்கு மறுநாள், 1973-ல் இறந்தார். இன்று அவர் படங்கள் நியூயார்க்கின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, லட்சக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. 2022-ல் தூரத்து உறவினர்கள் உரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். அவர் குடியிருந்த வாடகை அறையின் சொந்தக்காரர் நேத்தன் லெர்னர் தானும் ஒரு புகைப்படக் கலைஞர் என்பதால்தான் அந்தத் தாள்கள் குப்பைக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். அதற்காக லெர்னர் குடும்பத்துக்குப் பதிப்புரிமையும் சேர்ந்துவிடுமா என்று உறவினர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.