பனிமலைக்கு ஏறும் ரயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வந்திருக்கின்றன. லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் குடும்பம் பெர்னில் இருப்பதால், பேரப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் சாக்கில் இந்த ரயில்களில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஜூன் மாதம் குடும்பத்தோடு போகிறோம், இன்டர்லாக்கனில் தங்கல். மலை உச்சி ரயிலுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எல்லோரும் யுங்ஃப்ராவ்யோக் போகச் சொல்கிறார்கள். ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதானே ஐயா?

உயரமான நிலையம்தான், 3,454 மீட்டர். ஆனால் உச்சி அல்ல. யுங்ஃப்ராவ் மலையின் உச்சி 4,158 மீட்டர். நிலையம் இருப்பது அந்த மலைக்கும் பக்கத்து மோங்க் மலைக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் கணவாயில். நிலையத்திலிருந்து பார்த்தால் உச்சி இன்னும் 700 மீட்டர் மேலே இருக்கும்.

அது போகட்டும், என் குறை வேறு. கிளைன ஷைடெக் என்ற நிலையத்திலிருந்து மேலே போகும் பாதையின் நீளம் 9 கிலோமீட்டர் சொச்சம். அதில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் சுரங்கம். ஐகர், மோங்க் என்ற இரண்டு மலைகளைக் குடைந்து போட்ட பாதை அது. அடோல்ஃப் கையர்-செல்லர் என்ற தொழிலதிபரின் கனவு. 1896இல் வேலை தொடங்கியது, 1899இல் அவர் இறந்துபோனார், 1912 ஆகஸ்ட் 1இல்தான் ரயில் மேலே போய்ச் சேர்ந்தது. பொறியாளர் கண்ணோடு பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. ஆனால் ஜன்னலோர சீட்டுக்கு அடித்துப் பிடித்து ஏறியவருக்குக் கிடைப்பது கண்ணாடியில் தன் முகம்தான். நடுவில் ஐஸ்மேர் நிலையத்தில் சில நிமிடம் நிறுத்துவார்கள். பாறையில் வெட்டிய ஜன்னல் வழியே பனியாற்றைப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஏற வேண்டும்.

மேலே போய்விட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 20 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அலெட்ச் பனியாறு, ஆல்ப்ஸிலேயே நீளமானது, காலடியில் தொடங்குகிறது. பிள்ளைகளுக்குப் பனியில் விளையாட வேண்டும், பனிக்கட்டியைக் குடைந்த அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கேயே போங்கள்.

ரயில் பயணமே முக்கியம் என்றால் என் ஓட்டு கோர்னர்கிராட் மலை ரயிலுக்கு. ட்ஸெர்மாட்டில் கிளம்பி 3,089 மீட்டர் உயரத்துக்கு, பெரும்பாலும் திறந்த வெளியிலேயே ஏறுகிறது. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 1898இலேயே மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய ரயில். வழி நெடுக மாட்டர்ஹார்ன் சிகரம் கூடவே வரும். இன்டர்லாக்கனிலிருந்து ஸ்பீட்ஸிலும் ஃபிஸ்பிலும் மாறி ட்ஸெர்மாட் போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதைத் தெரிந்துகொண்டு விடிந்ததும் கிளம்புங்கள்.

யுங்ஃப்ராவ்யோக்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டால் ஒன்று செய்யுங்கள். போகும்போது கிரின்டல்வால்டிலிருந்து 2020இல் வந்த புதிய கேபிள் காரில் ஐகர்கிளெட்ஷர் நிலையம் வரை போய் ரயில் பிடியுங்கள், நேரம் மிச்சம். திரும்பும்போது அவசரப்படாமல் கிளைன ஷைடெக், வெங்கன், லாட்டர்புருன்னன் வழியாக ரயிலிலேயே இறங்குங்கள். உண்மையில் அந்த நாளின் நல்ல ரயில் பயணம் இந்த இறக்கம்தான். டிக்கெட் வாங்கும்போதே இப்படிச் சுற்றி வரப்போவதாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிடலாமா? அப்புறம் கிடைக்காமல் போனால்?

எடுக்காதீர்கள். ரயிலில் இடம் கிடைக்காமல் திரும்பியவர்களைவிட, மேலே போய் வெள்ளை மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். யுங்ஃப்ராவ்யோக்குக்குக் கோடைக் காலத்தில் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகிறது. அவ்வளவு கொடுத்து மூடுபனிக்குள் நிற்பதற்கு மனம் வராது.

முக்கியமான மலைகள் எல்லாவற்றின் மேலும் கேமரா வைத்து நேரலையில் காட்டுகிறார்கள். ஓட்டல் டிவியிலேயே வரும், போனிலும் பார்க்கலாம். காலையில் எழுந்ததும் அதைப் பாருங்கள், பிறகு டிக்கெட் எடுங்கள். மலைக்கென்று இந்த நாள் என்று குறிக்காமல், தங்கும் நாட்களில் எது தெளிவாக இருக்கிறதோ அதை மலைக்குக் கொடுத்துவிட்டு, ஏரியில் படகு, கடைத்தெரு எல்லாவற்றையும் மற்ற நாட்களுக்குத் தள்ளிவிடுங்கள். கூட்டம் மிகுந்த மாதங்களில் யுங்ஃப்ராவ் ரயிலுக்கு சீட் முன்பதிவும் உண்டு, அதை முந்தின நாள் மாலை வானிலை பார்த்துச் செய்யலாம்.

கோடையில் முதல் ரயில்களே நல்லது. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று ஈரத்தோடு மேலே எழும்பி, மதியத்துக்குள் உச்சிகளில் மேகம் கட்டிவிடும். இலையுதிர் காலத்திலும் குளிரிலும் கதை தலைகீழ். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி அடைத்துக் கிடக்கும், அதைத் தாண்டி மேலே போனால் சுள்ளென்று வெயில். ஓட்டல் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு “இன்றைக்குப் போக முடியாது” என்று படுத்துவிடுபவர்கள் உண்டு. ஜன்னலை நம்பாதீர்கள், கேமராவை நம்புங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவ்வளவு உயரத்துக்கு அழைத்துப் போகலாமா?

அதைச் சொல்ல வேண்டியவர் அம்மாவின் டாக்டர். எத்தனை மீட்டர் உயரம், அங்கே எத்தனை மணி நேரம் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். 3,454 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு பழகுவதற்குள் ரயில் கொண்டுபோய் விட்டுவிடும். இறங்கியதும் எல்லோரும் போட்டோவுக்கு ஓடுவார்கள், அப்போதுதான் தலை சுற்றும். மெதுவாக நடப்பது, தண்ணீர் குடிப்பது, ஒரு காபியோடு கொஞ்சம் உட்கார்வது போதும் பலருக்கு. தலைவலியும் குமட்டலும் விடாமல் இருந்தால் அடுத்த ரயிலில் கீழே இறங்கிவிட வேண்டும், அதற்கு அதுதான் மருந்து.

டாக்டர் தயங்கினால் ரிகி மலை இருக்கிறது. அதன் உச்சியான ரிகி குல்ம் 1,800 மீட்டருக்குச் சற்றுக் கீழே, சுற்றிலும் ஏரிகள், தொலைவில் ஆல்ப்ஸ் வரிசை. ஃபிட்ஸ்னாவிலிருந்து ஏறும் அந்த ரயில் 1871இல் வந்தது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். அதை இரண்டாம்தரத் தேர்வு என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவு செங்குத்தாக ஏறும் ரயில் பின்னால் வழுக்கி வந்துவிடாதா என்று என் மகன் கேட்கிறான்.

மகனுக்கு என் பாராட்டு. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் பிடிமானம் குறைவு. 100 மீட்டர் தூரத்துக்கு 3, 4 மீட்டர் ஏறினாலே சாதாரண ரயிலுக்குக் கஷ்டம். சுவிட்சர்லாந்தின் பெர்னினா ரயில் பாதையில் 7 மீட்டர் வரை வெறும் சக்கரத்திலேயே ஏறுகிறார்கள், அது அபூர்வம். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த மூன்றாவது ஒன்றைப் போட்டு, வண்டிக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்ய வேண்டும்.

ரிகி ரயிலுக்கு நிக்லாஸ் ரிகன்பாக் போட்டது ஏணியைப் படுக்க வைத்தது போன்ற அமைப்பு. பிறகு ரோமன் ஆப்ட் இரண்டு பல்தகடுகளை அருகருகே, பல்லும் இடைவெளியும் மாறி மாறி வரும்படி வைத்தார். ஒரு பல் விடும்போது பக்கத்துப் பல் பிடித்திருக்கும், அதனால் ஓட்டம் சீராக இருக்கும். கோர்னர்கிராட்டில் இருப்பது அதுதான். நம் ஊட்டி ரயிலிலும் அதே ஆப்ட் முறைதான், அதன் பழைய நீராவி இன்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து வந்தவை.

ஆனால் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் என்னை வாயடைக்க வைத்தது லூசர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிலாட்டஸ் மலை ரயில். 1889இல் திறந்தது. 100 மீட்டருக்கு 48 மீட்டர் ஏற்றம், பல்சக்கர ரயில்களில் உலகிலேயே செங்குத்தானது. அந்தச் சரிவில் மேலிருந்து கவ்வும் பல்சக்கரம் பல்லை விட்டு எழும்பிவிடும் ஆபத்து உண்டு. எட்வர்ட் லோகர் என்ன செய்தார் என்றால், பற்களைப் பக்கவாட்டில் வெட்டினார். இரண்டு பல்சக்கரங்கள் படுத்த நிலையில் இடமும் வலமுமாக அதைக் கிட்டிபோட்டுப் பிடித்துக்கொள்ளும். எழும்ப வழியே இல்லை. இதில் இன்னொரு சிக்கல்: இந்தப் பல்தண்டவாளம் குறுக்கே நிற்பதால் சாதாரண பாயிண்ட் வைத்துத் தடம் மாற்ற முடியாது. தண்டவாளத் துண்டையே நகர்த்தியோ புரட்டியோ மாற்றுகிறார்கள். மகனை அங்கே ஒருமுறை அழைத்துப் போங்கள். ஆல்ப்நாக்ஸ்டாட்டில் ஏற வேண்டும். குளிர்காலத்தில் இந்த ரயில் ஓடாது.

இறக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மின்சார மலை ரயில்களில் இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி வேகத்தை அடக்கும். அப்படிக் கிடைக்கும் மின்சாரம் கம்பிக்கே திரும்பிப் போய் ஏறும் வண்டிக்கு உதவும். பிரேக் தனியாக வேறு இருக்கிறது, பயம் வேண்டாம்.

என்ன உடை எடுத்துப் போக வேண்டும்?

ஜூலையிலும் மேலே பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். கனமான ஜாக்கெட், பிடிமானமுள்ள ஷூ, கூல் கிளாஸ், சன்ஸ்கிரீன். புடவையோடு செருப்பில் பனியில் இறங்கும் அம்மாக்களைப் பார்க்கும்போது எனக்குத்தான் பதறுகிறது.

சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் எல்லாம் இலவசமா?

இல்லை. நாடு முழுக்க ரயில், பஸ், படகுக்குச் செல்லும் அந்தப் பாஸில் ரிகி இலவசம். கோர்னர்கிராட்டுக்கும் பிலாட்டஸுக்கும் பாதிக் கட்டணம். யுங்ஃப்ராவ்யோக்குக்குக் கிரின்டல்வால்ட் அல்லது வெங்கன் வரை இலவசம், அதற்கு மேல் கால்வாசிதான் தள்ளுபடி.

கோர்னர்கிராட் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

ஏறும்போது வலப்பக்கம். இறங்கும்போது ரோட்டன்போடனில் இறங்கி, ரிஃபல்ஸே என்ற சின்ன ஏரியைப் பார்த்துவிட்டு, கீழே ரிஃபல்பெர்க் வரை நடந்து மறுபடி ரயில் ஏறலாம். மாட்டர்ஹார்னின் பிம்பம் தண்ணீரில் விழுவதைப் பார்க்கக் காற்று எழும்பாத காலை வேளைதான் சரி. ஜூன் தொடக்கத்தில் ஏரியும் பாதையும் இன்னும் பனி மூடிக் கிடக்கலாம். டிக்கெட் கவுன்டரிலேயே கேட்டுக்கொண்டு நடங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.