ரஜூலாவைத் தெரியும், ரோனாவைத் தெரியுமா?

நவம்பர் 26 என்றால் நம் எல்லாருக்கும் மும்பைதான் நினைவுக்கு வரும். எனக்கு அதோடு ஒரு கப்பலும் வரும். 1943-ல் அதே தேதியில் அல்ஜீரியாக் கரைக்கு அப்பால் ரோனா என்ற துருப்புக் கப்பல் மூழ்கி 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். போருக்கு முன்னால் நாகப்பட்டினத்துக் கடலில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல் அது. இதைப் பேச்சுவாக்கில் ஒரு வரி சொல்லப்போக, டெல்டா முழுக்க இருந்து கேள்விகள் வந்துவிட்டன. நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓடும் சலங்குப் படகில் மூட்டை ஏற்றியவர். வீட்டில் கப்பல் பேச்சு கேட்டே வளர்ந்தேன்.

மன்னார்குடியிலிருந்து: ஐயா, எங்கள் தாத்தா ரஜூலாவில் பினாங்கு போனதாகத்தான் சொல்வார். ரோனா என்று கேள்விப்பட்டதே இல்லை. கொரோனாவைத்தான் தெரியும்!

சிரித்துவிட்டேன். அந்த இரண்டு வருடமும் யாரிடம் இந்தக் கப்பலைப் பற்றிப் பேசினாலும் "தடுப்பூசி போட்டாச்சா" என்றுதான் கேட்டார்கள்.

ரஜூலாவும் ரோனாவும் உடன்பிறப்புகள். இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926-ல் கட்டப்பட்டவை. ரஜூலா கிளாஸ்கோவில், ரோனா இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில். இரண்டையும் கட்டியதே சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற ஓட்டத்துக்காகத்தான். மேலே வெள்ளைக்காரர்களுக்குக் கொஞ்சம் கேபின். மற்றபடி பாயும் பெட்டியுமாக ஆயிரக்கணக்கில் டெக் பயணிகள், அதாவது நம் ஆட்கள். நாகையில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது. தூரத்தில் நிற்கும், படகில்தான் போய் ஏற வேண்டும். அலை எழும்பும் நாளில் படகிலிருந்து கப்பல் ஏணிக்குத் தாவுவதற்குள் நாகூர் ஆண்டவரையும் வேளாங்கண்ணி மாதாவையும் சேர்த்தே கூப்பிட்டிருப்பார்கள்.

போர் வந்ததும் இரண்டையும் சர்க்கார் துருப்பு ஏற்ற எடுத்துக்கொண்டது. ரஜூலா திரும்பி வந்து 1970-கள் வரை ஓடியது. அதனால் உங்கள் தாத்தா, அப்பா, அத்தை எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். ரோனா திரும்பவில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: சார், எங்கள் பெரிய தாத்தா 1944-ல் ரோனாவில் ஊர் திரும்பியதாக வீட்டில் சொல்கிறார்கள்.

வாய்ப்பே இல்லை, தம்பி. 1940-லேயே ரோனா துருப்புக் கப்பலாகிவிட்டது. 1944-ல் அது மத்தியதரைக் கடலின் அடியில் கிடந்தது. அதுவும் போக, 1942 தொடக்கத்தில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த பிறகு போர் முடியும்வரை மலாயாவிலிருந்து இங்கே பயணிகள் கப்பலே கிடையாது. அங்கே மாட்டிக்கொண்டவர்கள் மாட்டிக்கொண்டவர்கள்தான். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஜப்பானியர் நம் ஆட்களைப் பிடித்துப் போனதும் அந்தக் காலத்தில்தான். ஒன்று, அவர் போருக்கு முன்பே வந்திருக்க வேண்டும். இல்லை, போர் முடிந்து வேறு கப்பலில் வந்திருக்க வேண்டும். பெரியவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் வருடங்கள் அவர்கள் மனதில் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: கப்பல் எப்படி மூழ்கியது? நீர்மூழ்கியா?

இல்லையம்மா, வானத்திலிருந்து வந்த குண்டு. சும்மா போட்டுவிட்டுப் போகும் குண்டும் இல்லை. ஹென்ஷல் 293 என்று பெயர். சிறிய விமானம் மாதிரி இறக்கை உண்டு. ராக்கெட் தள்ளிவிடும். போட்ட விமானத்தில் இருப்பவர் ஒரு கைப்பிடியை ஆட்டி ரேடியோ மூலமாகவே அதைத் திருப்புவார். இன்றைக்கு ட்ரோன் ஓட்டுகிறார்களே, அதற்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1943 ஆகஸ்டில்தான் ஜெர்மானியர் அதைப் போரில் இறக்கியிருந்தார்கள்.

நவம்பர் 25-ம் தேதி ரோனா ஏறத்தாழ 2,000 அமெரிக்கச் சிப்பாய்களோடு அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து கிளம்பி ஒரு கப்பல் கூட்டத்தோடு சேர்ந்தது. சூயஸ் வழியாக நம் நாட்டுக்கு வருவதுதான் திட்டம். சீனா, பர்மா போர்முனை வேலைக்காக வந்தவர்கள் அவர்கள். விமானத்தளம் போடும் பொறியாளர் படை ஒன்றும் அதில் இருந்தது, 853-வது பட்டாளம். மறுநாள் சாயங்காலம் ஐந்தே கால் வாக்கில் அந்தக் குண்டு கப்பலின் இடது பக்கம், இயந்திர அறையை ஒட்டிப் பாய்ந்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் போய்விட்டது. சூரியனும் அதற்குள் போய்விட்டது. நவம்பர் மாதக் கடல், குளிர், ஆள் உயரத்தைத் தாண்டும் அலை.

அக்கரைப்பேட்டை, விசைப்படகு வைத்திருப்பவர்: ஒன்றரை மணி நேரம் இருந்ததே அண்ணே. எல்லாரையும் இறக்கியிருக்கலாமே?

கடலில் போகிறவர் கேட்கும் கேள்வி இது. படகுகள் 22 இருந்தன. இறக்க முடிந்தது எட்டைத்தான் என்று கணக்கு. வெடியில் நொறுங்கியவை போக, மற்றவற்றில் கயிறும் கப்பியும் இறுகிக் கிடந்தன. இறங்கியவற்றிலும் அளவுக்கு மீறி ஆள் ஏறிக் கவிழ்ந்ததும் நீர் புகுந்ததும் உண்டு.

அதைவிட மோசம் மிதவைப் பட்டை. கையால் அழுத்தினால் காற்று நிரம்பும் ரப்பர் பட்டை கொடுத்திருந்தார்கள். அதை அக்குளுக்குக் கீழே, நெஞ்சோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பலருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. பெல்ட் மாதிரி இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தார்கள். இடுப்பு மேலே மிதந்தது, தலை கீழே போனது. அலையில் ஆட்களைத் தலைகீழாகப் பார்த்ததைத்தான் தப்பியவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் படகில் லைஃப் ஜாக்கெட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கரையில் நிற்கும்போதே ஒரு முறை எல்லாரையும் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே அன்பர்: தூக்கியது யார்?

பயனீர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல், அதாவது கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல். அது மட்டும் 606 பேரை ஏற்றியது. சின்னக் கப்பல், பக்கச் சுவர் தாழ்வு. அலை ஆளைத் தூக்கிக் கொடுக்கும்போது எட்டிப் பிடித்துவிடலாம். பெரிய சரக்குக் கப்பலான கிளான் கேம்பலும் வந்தது. அதன் சுவர் உயரம். களைத்துப்போன மனிதன் கயிற்றைப் பிடித்து அவ்வளவு தூரம் ஏற முடியாமல் திரும்ப விழுந்ததும் நடந்தது. ஆதர்ஸ்டோன் என்ற போர்க்கப்பலும் ஒரு இழுவைப் படகும் இருட்டிய பிறகும் தேடின.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: இந்திய மாலுமிகள் முதலில் ஓடிவிட்டார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா? மனம் சங்கடப்பட்டது.

ஐயா, இதைப் படிக்கும்போது எனக்கும் சங்கடம்தான். தப்பிய அமெரிக்கர் சிலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பயந்து படகில் ஏறிய மாலுமிகள் இருந்திருக்கலாம். அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் குமாஸ்தா புத்தி, கணக்கைப் பார்க்கச் சொல்கிறது.

சிப்பாய்கள் ஏறத்தாழ 1,980 பேர். இறந்தவர்கள் 1,015. பாதிக்குக் கொஞ்சம் மேல். கப்பல் ஊழியர்கள் 195 பேர். இறந்தவர்கள் சுமார் 120. நூற்றுக்கு அறுபது! முதலில் ஓடியவர்கள் கணக்கு இப்படியா இருக்கும்? குண்டு பாய்ந்தது இயந்திர அறைப் பக்கம். அங்கே வேலையில் இருந்தவர்கள் படகைப் பார்க்கவே மேலே வந்திருக்க மாட்டார்கள். தவிர, அந்தக் காலத்தில் லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிக்கு வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான். தப்பிய அமெரிக்கர்கள் பிற்காலத்தில் கூடிப் பேசினார்கள், எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள். தப்பிய எழுபத்துச் சொச்சம் ஊழியர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள். அவர்களிடம் யாரும் போய் "நீ என்ன பார்த்தாய்" என்று கேட்கவில்லை. ஒரு தரப்பு மட்டும் பேசிய வழக்கில் நான் தீர்ப்பு எழுத மாட்டேன்.

திருவாரூரிலிருந்து: அந்த மாலுமிகளில் தமிழர்கள் உண்டா?

ஆசைக்காக "உண்டு" என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கம்பெனிக் கப்பல்களுக்கு ஆள் எடுத்தது பெரும்பாலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும். சிட்டகாங், நவகாளி, சில்ஹெட் பக்கத்து முஸ்லிம்களும் கோவாக்காரர்களும்தான் அதிகம். நம் ஆட்களுக்கும் ரோனாவுக்கும் உள்ள உறவு பயணி உறவுதான். அது ஒன்றும் குறைந்த உறவு இல்லையே.

வேதாரண்யத்திலிருந்து, ஒரு பெண்மணி: தப்பியவர்கள் ஏன் இத்தனை காலம் பேசாமல் இருந்தார்கள்? என் கேள்வி தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

தப்பே இல்லை அக்கா. முதல் காரணம், பேசக்கூடாது என்று உத்தரவு. குண்டு எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று ஜெர்மானியருக்குத் தெரிந்துவிடக்கூடாதாம். வாயைத் திறந்தால் ராணுவ விசாரணை என்று மிரட்டினார்கள். குடும்பங்களுக்கு "காணவில்லை" என்று தந்தி போனது. எந்தக் கடல், எந்தக் கப்பல், ஒன்றும் சொல்லவில்லை. போர் முடிந்த பிறகும் முழு விவரத்தை வெளியிடவில்லை. மகன் எப்படிச் செத்தான் என்று தெரியாமலேயே கண்மூடிய பெற்றோர் நிறைய.

இரண்டாவது காரணத்தை நாகைக்காரனான நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் எத்தனை பேர் வருடக்கணக்காக வாய் திறக்காமல் இருந்தார்கள்? பிள்ளையின் கை தன் கையிலிருந்து நழுவியதை ஒருவர் என்னிடம் சொன்னது பதினோரு வருடம் கழித்து, டீக்கடையில், சம்பந்தமே இல்லாத ஒரு பேச்சுக்கு நடுவில். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். ரோனாவில் தப்பியவர்களும் அப்படித்தான். 1990-களில் எழுபது வயது தாண்டிய பிறகுதான் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து ஆண்டுதோறும் கூட ஆரம்பித்தார்கள். 1996-ல் அலபாமா மாநிலத்தில் ஃபோர்ட் மிட்செல் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் வைத்தார்கள். 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு அவர்களை நினைவுகூர்ந்தது. 57 வருடம் கழித்து!

சீர்காழியிலிருந்து: தப்பியவர்கள் அப்படியே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்களா?

அதெங்கே? தேறியவர்களில் பலர் வேறு கப்பல் ஏறி, எந்த நாட்டுக்குக் கிளம்பினார்களோ அந்த இந்தியாவுக்கே வந்து வேலையைச் செய்தார்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: நமக்குப் பக்கத்துக் கடலில் இப்படி ஏதும் நடந்ததா?

நடந்தது. 1944 பிப்ரவரி 12. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த கெதீவ் இஸ்மாயில் என்ற துருப்புக் கப்பலை மாலத்தீவுப் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. இரண்டே நிமிடத்தில் மூழ்கிவிட்டது. சுமார் 1,500 பேரில் 200 சொச்சம்தான் மிச்சம். இறந்தவர்களில் 77 பேர் பெண்கள், செவிலியர் பலர். அதில் கொடுமை என்னவென்றால், நீர்மூழ்கி, மிதந்துகொண்டிருந்தவர்களுக்கு அடியில் போய் ஒளிந்தது. காவல் கப்பல்கள் அதை விரட்ட நீரடிக் குண்டு போட்டாக வேண்டும். போட்டார்கள். நீந்திக்கொண்டிருந்த தங்கள் ஆட்களும் அதில் செத்தார்கள். குண்டு போட்ட அந்தக் காவல் கப்பல் மாலுமிகளும் தப்பியவர்கள் கணக்கில்தான் சேருவார்கள் என்பது என் எண்ணம்.

நாகூரிலிருந்து: எங்கள் பாட்டனாரின் தம்பி கப்பல் வேலைக்குப் போனவர், போரில் திரும்பவில்லை. எந்தக் கப்பல் என்று தெரியாது. தேட வழி உண்டா, பாய்?

உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் கட்டணமின்றித் தேடலாம். கடலையே கல்லறையாகக் கொண்ட, பிரிக்கப்படாத இந்தியாவின் மாலுமிகள் 6,000 பேருக்கு மேல் மும்பை, சிட்டகாங் நினைவுப் பட்டியலில் இருக்கிறார்கள். நம் ஊர் மாதிரி சுவரில் செதுக்கவில்லை, பெயர்களைப் புத்தகமாக வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். அப்துல் காதர் என்பதை ஐந்தாறு விதமாக எழுதிப் பாருங்கள். தகப்பனார் பெயர், பிறந்த ஊர் இரண்டும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய மாலுமிப் புத்தகம், இன்றைக்குப் பிள்ளைகள் சி.டி.சி. என்கிறார்களே, அது வீட்டுப் பரணில் இருந்தால் அதிர்ஷ்டம்.

மயிலாடுதுறையிலிருந்து: வீட்டில் ஒரு பழைய கப்பல் போட்டோ இருக்கிறது. ரோனாவா ரஜூலாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புகைபோக்கியைப் பாருங்கள். கறுப்பில் இரண்டு வெள்ளைப் பட்டை இருந்தால் அந்தக் கம்பெனிக் கப்பல். அதற்கு மேல் முன்பக்கப் பெயர் தெரிந்தால்தான் உண்டு. இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், எனக்கே பிடிபடாது. போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ இருக்கிறதா? 1940-க்குப் பின் நாகையில் எடுத்த படம் என்றால் ரோனா இல்லை.

நீடாமங்கலத்திலிருந்து: தாத்தாவின் டிரங்குப் பெட்டி மூடியில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருக்கிறது. முதல் எழுத்து ஆங்கில 'ஆர்', அடுத்தது 'ஓ' மாதிரி இருக்கிறது. மற்றது கிழிந்துவிட்டது.

நேற்றே பார்த்திருந்தால் நேற்று இரவே பஸ் ஏறியிருப்பேன். தயவுசெய்து அதைச் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டாம். பூச்சி மருந்தும் அடிக்க வேண்டாம். தீபாவளிக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பெட்டியைத் திண்ணையில் வைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் வருகிறேன், பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது.