வாகனப் பராமரிப்பு: கேள்வி பதில்
இந்த முறை: ஸ்பிரே கேனும் பிரைமரும்

கேள்வி (காவேரிப்பட்டணம் வாசகர்): என்னுடைய பதினாறு ஆண்டுப் பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் ஆங்காங்கே துருப்பிடித்திருந்தது. துருவைத் தேய்த்துவிட்டு, கேட், கிரில் ஆகியவற்றுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரைப் பிரஷ்ஷால் பூசி, மறுநாள் ஸ்பிரே கேனில் கறுப்பு அடித்தேன். சில நிமிடங்களிலேயே பெயிண்ட் முழுவதும் சுருக்கம் விழுந்து பால் ஆடைபோல் எழும்பிவிட்டது. பிரைமர் மட்டமா, கேன் மட்டமா? இனி எந்தப் பிரைமர் வாங்க வேண்டும்?

பதில்: இரண்டுமே மட்டமில்லை. மாப்பிள்ளையும் நல்லவர், பெண்ணும் நல்லவள், பொருத்தம் மட்டும் பார்க்கவில்லை என்பதுதான் நடந்த தவறு. இரும்புக் கதவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு, எண்ணெய் கலந்த பசையால் ஆனது. அது தொட்டுப் பார்த்தால் ஒரே நாளில் காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே இறுகி முடியப் பல நாட்கள் ஆகும். வாகனங்களுக்கான ஸ்பிரே கேன்களில் பெரும்பாலும் இருக்கும் அக்ரிலிக் அல்லது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில், தின்னரைப் போன்ற வீரியமான கரைப்பான் இருக்கிறது. அது பாதி காய்ந்த எண்ணெய்ப் பூச்சுக்குள் இறங்கி அதை ஊதவைத்துத் தூக்கிவிடுகிறது. நீங்கள் பார்த்த சுருக்கம் அதுதான்.

ரெட் ஆக்சைடு என்ற பெயரைக் கேட்டதும் அது துருவைத் தின்றுவிடும் மருந்து என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அந்தச் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் உறவினர். துருவைத் தடுக்கும் வேலையை நிறம் செய்வதில்லை. அதனுடன் துத்தநாகப் பாஸ்பேட் போன்ற பொருள் சேர்க்கப்பட்டிருந்தால் அதுதான் செய்யும். ஆகவே கேனின் நிறத்தைப் பார்க்காமல், அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, சுருங்கிய பெயிண்டையும் அடியிலுள்ள ரெட் ஆக்சைடையும் முழுவதுமாக எடுத்துவிடுவது. அதன்மேலேயே பட்டி வைத்துச் சமன்செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டேங்கை வண்டியிலிருந்து கழற்றிப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். ஆனால் காலி டேங்க் பாதுகாப்பானது என்று எண்ணிக் கிரைண்டரை மட்டும் வைத்துவிடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் பொறிக்கு எளிதில் வெடிக்கும். பெயிண்ட் ரிமூவரும் கையால் தேய்க்கும் உப்புத்தாளும் போதும். துருப்பிடித்த இடத்தை 80 அல்லது 120 எண் தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பழைய பெயிண்டின் ஓரத்தை 240, பிறகு 320 என்று இழைத்து, விரலால் தடவினால் படி தெரியாதபடி செய்யுங்கள்.

குழிகளுக்குள் தாளுக்கு எட்டாத துரு இருந்தால் துரு மாற்றி என்று விற்கும் திரவத்தைத் தடவலாம். அவற்றில் ஒரு வகை, டானின் அமிலத்தால் துருவைக் கறுப்பான, நிலையான பொருளாக மாற்றுகிறது. நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்ததும் இதே வேதியியல்தான். அதற்காகக் கடுக்காய்க் கஷாயத்தை டேங்கில் ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

இவ்வளவும் முடிந்தபின் வெற்று இரும்பின்மேல் எபாக்சி பிரைமர், அதன்மேல் நிறம், அதன்மேல் கிளியர் எனும் நிறமற்ற மேற்பூச்சு என்பதே டேங்குக்கு என் பரிந்துரை. அந்தக் கிளியர் மட்டும் கெட்டிப்பான் தனியாக உள்ளே அடைத்திருக்கும் இரண்டு பாக வகையாக இருக்கட்டும். சாதாரண கேன் கிளியரின்மேல் பங்க்கில் நாலு சொட்டுப் பெட்ரோல் வழிந்தாலே அது பிசுபிசுத்துவிடும். அடியில் எவ்வளவு நல்ல பிரைமர் இருந்தாலும் பயனில்லை. இரண்டு பாகக் கிளியரில் பொதுவாக மூச்சுக்குத் தீங்கான ஐசோசயனேட் இருப்பதால், துணி முகக்கவசத்தை நம்பாமல், கரைப்பான் ஆவிக்குரிய வடிகட்டி பொருத்திய முகமூடியுடன் திறந்த வெளியில் மட்டும் அடியுங்கள்.

கேள்வி (தருமபுரி வாசகர்): கடையில் எட்ச் பிரைமர், எபாக்சி பிரைமர், ஃபில்லர் பிரைமர் என்று மூன்று கேன்களை எடுத்து வைக்கிறார்கள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் கூடுதல் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. சில ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவையும்கூட.

எட்ச் பிரைமரில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. அது உலோகத்தின் மேற்பரப்பைச் சற்றே அரித்துப் பிடித்துக்கொள்ளும். அலுமினியத்துக்கும் துத்தநாகப் பூச்சுள்ள தகட்டுக்கும் மிகப் பொருத்தமானது. அதை அடியில் இருப்பது மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக அடிக்க வேண்டும். தடித்து அடித்தால் பிடிப்பு குறையும். ஈரத்தை அது முழுவதுமாகத் தடுக்காது என்பதால், கேனில் சொல்லியுள்ள நேரத்துக்குள் மேலே வேறு பிரைமர் போக வேண்டும். இதன்மேல் நேரடியாகப் பட்டி வைக்கக் கூடாது. அமிலம், பட்டியின் கெட்டிப்பானைச் சரியாக வேலை செய்ய விடாது. இதன்மேல் எபாக்சியும் வேண்டாம். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எபாக்சி பிரைமர், அரிக்காமல் ஒட்டிக்கொண்டு ஈரத்துக்கு நல்ல தடையாக நிற்பது. துருப்பிடித்துச் சுத்தம் செய்த இரும்புக்கு நான் இதையே முதலில் சொல்வேன். இரண்டு பாகக் கேனில் அடிப்பக்கத்துப் பொத்தானை அழுத்தி உள்ளிருக்கும் கெட்டிப்பானை உடைத்து, இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்கிய பிறகே அடிக்க வேண்டும். உடைத்த கேனை அடுத்த மாதத்துக்கென்று எடுத்து வைக்க முடியாது, உள்ளேயே கல்லாகிவிடும். ஆகவே தேய்ப்பது, துடைப்பது, மறைப்புத் தாள் ஒட்டுவது எல்லாம் முடிந்த பிறகே பொத்தானில் கை வையுங்கள்.

ஃபில்லர் பிரைமர் கீறல்களையும் உப்புத்தாள் கோடுகளையும் நிரப்பித் தேய்ப்பதற்கானது. அதை வெற்று இரும்பின் ஒரே காவலாக நம்ப வேண்டாம். சிறு துளிகளாகக் கறுப்புப் பெயிண்டை அதன்மேல் தூவிவிட்டு 400 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்தால், கறுப்பு மிஞ்சும் இடமெல்லாம் இன்னும் பள்ளம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி (பாலக்கோடு வாசகர்): எல்லா முறைகளையும் பின்பற்றிக் காரின் கதவுக்கு அடித்தேன். பளபளப்பாகத்தான் வந்தது. மழைக்காலம் முடிந்ததும் கடுகுபோலச் சிறு கொப்புளங்கள் கிளம்பியிருக்கின்றன. பிரைமரை மாற்ற வேண்டுமா?

பதில்: பிரைமருக்கு முன்பு தண்ணீரைச் சந்தேகிக்கிறேன். வாட்டர் பேப்பர் போடும்போது போர் தண்ணீர்தானே ஊற்றினீர்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி. நீரில் கரைந்திருக்கும் அந்த உப்பு, தேய்த்த தகட்டின்மேல் உலர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடுகிறது. அதன்மேல் பிரைமர் அடித்தால் உப்பு உள்ளே சிறைப்படும். மழைக்காலத்தில் பெயிண்ட் வழியாக நுழையும் சிறிதளவு ஈரத்தை அந்த உப்பு இழுத்து இழுத்துச் சேர்த்துக் கொப்புளமாக்குகிறது. எவ்வளவு விலையுள்ள பிரைமராலும் இதை முழுவதுமாகத் தடுக்க முடியாது.

கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள். நீர் கசிந்து, அடியில் தகடு துருப்பிடிக்காமல் இருந்தால் காரணம் அநேகமாக இதுவே. அடியில் பழுப்புத் தூள் இருந்தால் பழைய துரு சரியாக எடுபடவில்லை. இரண்டிலும் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்துத்தான் ஆக வேண்டும். இந்த முறை தேய்ப்பது எந்தத் தண்ணீரில் என்றாலும், கடைசி அலசல் சேமித்த மழைநீரிலோ, வீட்டுக் குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரிலோ இருக்கட்டும். அலசியதும் தானாக உலரவிடாமல் துடைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு பஞ்சு உதிராத துணியால் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) அல்லது மெழுகு நீக்கி கொண்டு துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தில் பெயிண்ட் மீன்கண்போல் விலகி நிற்கும்.

கேள்வி (ஓசூர் வாசகர்): ஸ்கூட்டரின் முன்பக்கப் பிளாஸ்டிக்கும் காரின் பம்பரும் அடிக்க வேண்டும். இரும்புக்கு வாங்கிய எபாக்சியே போதுமா?

பதில்: பாகத்தின் உட்புறத்தைப் பாருங்கள். 'பி.பி.' என்று பொறித்திருந்தால் அது பாலிபுரோப்பிலீன். பம்பர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். இதில் எதுவுமே எளிதாக ஒட்டாது. பிளாஸ்டிக் பிரைமர் அல்லது ஒட்டுத்திறன் ஊக்கி என்று விற்கும் கேனை மெல்லியதாக அடித்து, அது சொல்லும் சில நிமிடங்களுக்குள் அடுத்த பூச்சைத் தொடங்க வேண்டும். 'ஏ.பி.எஸ்.' என்றிருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்தபின் சாதாரண அக்ரிலிக் பிரைமரே பிடிக்கும். ஆனால் வீரியமான தின்னர் அதை உருக்கிவிடும் என்பதால் முதல் பூச்சு தூவல் அளவே இருக்கட்டும். பம்பரின் பழைய பெயிண்ட் எங்கும் பெயராமல் உறுதியாக இருந்தால் ஊக்கியே தேவையில்லை. நீங்கள் பெயிண்ட் மீதுதான் அடிக்கிறீர்கள், பிளாஸ்டிக் மீதல்ல.

ஓசூரின் பனிக்காலக் காலையில் அடிக்காதீர்கள். குளிர்ந்த பாகத்தில் படியும் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறிப் பத்து மணிக்கு மேல், நிழலில் அடிப்பது நல்லது. கேன் சில்லென்றிருந்தால் வெதுவெதுப்பான நீரில் சற்று வைக்கலாம். கொதிநீரிலோ அடுப்பருகிலோ வைத்தால் வெடிக்கும்.

கேள்வி (ஊத்தங்கரை வாசகர்): பிரைமர் அடித்த பிறகு நிறம் வாங்கப் பணம் சேரவில்லை. சாம்பல் நிறத்திலேயே இரண்டு மாதம் வண்டியை ஓட்டிவிட்டேன். இப்போது நேரடியாக நிறம் அடிக்கலாமா?

பதில்: எந்தப் பிரைமர் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு பாக எபாக்சியாக இருந்தால், 320 அல்லது 400 எண் தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, சுத்தம் செய்து, தேவையான இடத்தில் இன்னொரு மெல்லிய பூச்சு அடித்துத் தொடரலாம். சாதாரண ஃபில்லர் பிரைமராக இருந்தால் நிலைமை வேறு. அது பஞ்சுபோல் நுண்துளைகள் உள்ளது. இரண்டு மாத மழையும் பனியும் சாலை எண்ணெயும் அதற்குள் இறங்கியிருக்கும், அடியில் துருவும் தொடங்கியிருக்கலாம். ஓர் ஓரத்தில் இரும்பு தெரியும்வரை தேய்த்துப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் முழுவதையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். தெரியாவிட்டாலும் பாதி தடிமன் போகும்வரை உலர்நிலையில் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பிரைமர் அடியுங்கள். நிறமும் கிளியரும் கையில் வந்து சேர்ந்த பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.