தோட்டமும் வேதமும்: வாசகர் கேள்வி – பதில்

(இந்த மாதம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கடிதங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் தருகிறோம்.)

கேள்வி: ஓசூரில் பார்த்த வேலை போய் எட்டு மாதம். நடுவில் மனைவிக்கு ஆபரேஷன். சபையில் பார்ப்பவர்கள் எல்லாம், "கர்த்தர் உங்களைக் கவாத்து பண்றார், பொறுத்துக்கோங்க" என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அப்படித்தானா? இன்னொன்று: தோட்டத்தில் பன்னிரண்டு வயசு பெங்களூரா மா இருபது நிற்கிறது. காய்ப்பு குறைந்துவிட்டது. எப்படிக் கவாத்து செய்வது?
– காவேரிப்பட்டணம்

பதில்: மாமரத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதில் கத்தி எங்கே படுகிறது என்று தெரிந்தால் மற்றதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

கவாத்துக்கு நாள் உண்டு. பெங்களூராவில் கடைசிக் காய் இறங்க ஆடி ஆகிவிடும். காய் இறங்கிய கையோடு ஆரம்பித்து ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். வெட்டிய இடத்தில் வரும் துளிர் முற்ற நான்கைந்து மாதம் பிடிக்கும். முற்றிய கொப்புதான் மார்கழி, தையில் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டினால் தையில் மரம் தளதளவென்று இலை விடும், பூ வராது.

வெட்ட வேண்டியவை: காய்ந்தது, நோய் கண்டது, நடுமரத்துக்குள் திரும்பி வளர்வது, ஒன்றோடொன்று உரசுவது, தரையைத் தொடுவது. அவ்வளவுதான். உச்சி வெயிலில் மரத்தடியில் நின்று பாருங்கள். தரையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தால் போதும். ஒரு வருஷத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அத்தனை வருஷம் நிழலில் இருந்த பட்டை திடீர் வெயிலில் வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்டுத்துளைப்பான் புகும். அடர்ந்துபோன மரம் என்றால் மூன்று வருஷத்துக்குப் பிரித்து வெட்டி, புதிதாக வெயில் படும் கிளைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

கை மொத்தம் உள்ள கிளையை ஒரே அறுப்பில் எடுக்கக் கூடாது. பாரத்தில் கிளை சாயும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிச்சக் கட்டையைக் கிளை பிறக்கும் புடைப்பை ஒட்டி, புடைப்பில் கத்தி படாமல் எடுங்கள். கட்டை விட்டால் அழுகும். புடைப்பையும் சேர்த்துச் சீவினால் காயம் மூடாது.

காயத்துக்குப் போர்டோ பசை. மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், நீர்த்த சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளியோ மண்சட்டியோ வேண்டும், இரும்பு ஆகாது. பளபளப்பான கத்தியை ஒரு நிமிஷம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே.

இனி உங்கள் விஷயம். யோவான் 15:2ல், கனிகொடுக்கிற கொடியைப் பிதா "சுத்தம்பண்ணுகிறார்" என்று இருக்கிறது. கவாத்து என்று எல்லாரும் எடுப்பது அந்த வார்த்தையைத்தான். அடுத்த வசனத்துக்குப் போகிறவர்கள் குறைவு: "நான் உங்களுக்குச் சொன்ன உபதேசத்தினாலே நீங்கள் இப்பொழுதே சுத்தமாயிருக்கிறீர்கள்." கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல். அங்கே கத்தி என்பது அவருடைய வசனம். வேலை போனதும் ஆபரேஷனும் கத்தி என்று அந்தப் பகுதியில் எங்கும் இல்லை.

நாள் பார்த்து, அளவு பார்த்து, காயத்துக்கு மருந்து பூசிச் செய்வது கவாத்து. சூறைக்காற்றில் முறிந்த கிளையைத் தோட்டக்காரர் யாரும் கவாத்து என்று சொல்லமாட்டார். உங்களுக்கு நடந்தது முறிவு. முறிந்த கிளையை என்ன செய்வோம்? பிசிறாக விட்டால் தண்ணீர் கோத்து அழுகும் என்று சீராக அறுத்துப் பசை பூசுவோம். கவட்டில் பிளந்து, பட்டை ஒருபக்கம் ஒட்டியிருந்தால் கயிறு போட்டுக் கட்டி முட்டுக் கொடுப்போம், பல நேரம் கூடிவிடும். முறித்தவர் என்று கர்த்தரைப் பார்க்காமல், முறிந்த பிறகு கயிறும் பசையுமாக வருகிறவராகப் பாருங்கள். ஜெபிக்க வாய் வரும். ஆபகூக் 3:17, 18ஐ வாசியுங்கள். அத்தி துளிர்விடவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று கணக்கை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் அவர் மகிழ்கிறார். (ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி துணைக்கு வந்தால் அதுதான் முட்டுக்கொம்பு. கூச்சப்படாமல் கேளுங்கள்.)

கேள்வி: நட்டு இரண்டு வருஷமான ஒட்டுமா பூத்திருக்கிறது. பூவைக் கிள்ளிவிடச் சொல்கிறார்கள், மனசு வரவில்லை. ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷமான என் தம்பியை வாலிபர் கூட்டத்தை நடத்தச் சொல்கிறார்கள். அவனுக்கும் ஆசைதான். விடலாமா?
– பர்கூர்

பதில்: இரண்டையும் கிள்ளுங்கள். ஒட்டுச்செடி வயசான தாய்மரத்துக் குச்சி, அதனால் சீக்கிரமே பூக்கும். வேர் இன்னும் குழந்தை. மூன்று வருஷம் வரை வரும் பூங்கொத்தை விரல் நீளம் வந்ததுமே அடியில் ஒடித்துவிடுங்கள், இலையைத் தொடாதீர்கள். காய்க்கவிட்டால் பத்துக் காய் கிடைக்கும், மரம் மூன்று வருஷம் குட்டையாக நிற்கும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதையும் விடாமல் கிள்ளுங்கள். அது நாட்டுமா. விட்டால் ஒட்டை அமுக்கிவிடும்.

லேவியராகமம் 19:23–25ல் இதே கணக்கு இருக்கிறது: புது மரத்தின் கனியை மூன்று வருஷம் தொடக் கூடாது, நான்காம் வருஷத்தது கர்த்தருக்கு, ஐந்தாம் வருஷம் உங்களுக்கு. சபைப் பொறுப்புக்கும் 1 தீமோத்தேயு 3:6 "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" என்கிறது. தம்பி பாய் விரிக்கட்டும், நாற்காலி அடுக்கட்டும், ஒரு மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் படிக்கட்டும். மைக் எங்கும் ஓடிப்போகாது.

கேள்வி: தக்காளி போட மல்ச்சிங் ஷீட் விரித்தேன். கோரை அதையும் குத்திக்கொண்டு வருகிறது. அண்ணனோடு வரப்புத் தகராறு. மன்னித்துவிட்டேன் என்று மூன்று முறை ஜெபத்தில் சொல்லியாயிற்று, முகத்தைப் பார்த்தால் மறுபடி எரிகிறது.
– பாலக்கோடு

பதில்: கோரையின் நுனி ஊசி. மற்ற களைக்கு ஷீட் போதும், இதற்குப் போதாது. மேலே பிடுங்கினாலும் பயனில்லை. கீழே கிழங்குகள் மணி கோத்ததுபோல் சரமாக இருக்கும். தலைக்கிழங்கு மற்றவற்றைத் தூங்க வைத்திருக்கும். சரம் அறுந்தால் தூங்கியதெல்லாம் முளைக்கும். ஒரு தடவை கொத்திவிட்டு, "முன்னைவிட அதிகமாகிவிட்டது" என்று சொல்வது இதனால்தான்.

சித்திரை வெயிலில் ஒரு சாண் ஆழத்துக்குக் கோடை உழவு ஓட்டி, கிழங்கைப் பொறுக்கி, மிச்சத்தைக் காயவிடுங்கள். மழையோ தண்ணீரோ பட்டு முளைத்தால் புதுக் கிழங்கு வைப்பதற்குள், அதாவது இரண்டு மூன்று வாரத்துக்குள், மறுபடி கிளறுங்கள். அடுத்து சணப்போ தட்டைப்பயறோ நெருக்கி விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. இரண்டு மூன்று பட்டம் பிடிக்கும்.

எபிரெயர் 12:15 சொல்லும் "கசப்பான வேர்" இந்த ஜாதிதான். மறுபடி எரிந்தால் மன்னிப்பு பொய் என்று அர்த்தமில்லை, அடுத்த கிழங்கு முளைத்திருக்கிறது. பேதுருவுக்கு "ஏழெழுபதுதரமட்டும்" என்று கணக்குச் சொன்னது இதற்குத்தான். ஒவ்வொரு முளைக்கும் ஒரு தடவை. ஆனால் வரப்பைச் சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். அளக்காத வரப்பு வருஷா வருஷம் புதுக் கிழங்கு வைக்கும். மன்னிப்பதற்கும் அளப்பதற்கும் சண்டை இல்லை.

கேள்வி: பாகல் விதை ஊன்றி ஆறு நாளாகியும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்க்கலாமா?
– பென்னாகரம்

பதில்: வேண்டாம். தோண்டினால் வெளியே வந்திருக்கும் முளைவேர் ஒடிந்துவிடும். பாகலுக்கு ஓடு கெட்டி, பத்து நாள் வரை பொறுங்கள். அடுத்த தடவை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். மாற்கு 4:27ல் விதைத்தவன் இரவில் தூங்கி, பகலில் விழித்திருக்கிறான். விதை அவனுக்குத் தெரியாமலே முளைக்கிறது.

கேள்வி: வீட்டுக்காரர் தவறி மூன்று மாதம். அவர் வைத்த மரமுருங்கை போன வாரக் காற்றில் பாதியில் முறிந்துவிட்டது. அடியோடு எடுத்துவிடலாமா? எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை. விசுவாசக் குறைவு என்கிறார் நாத்தனார்.
– அரூர்

பதில்: எடுக்காதீர்கள், சகோதரி. பிளவுக்குக் கீழே, தரையிலிருந்து மூன்று அடி விட்டு, சாய்வாக அறுங்கள். மட்டமாக அறுத்தால் தண்ணீர் தங்கி அழுகும். வெட்டு வாயில் பசுஞ்சாணமும் களிமண்ணும் குழைத்து அப்புங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சுற்றிலும் துளிர்க்கும். நாலு பக்கம் நாலு கொப்பை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

விழுந்த கிளையையும் விறகாக்காதீர்கள். கை மொத்தம் உள்ள இடமாகப் பார்த்து நாலு அடி நீளத்துக்கு வெட்டி, வெட்டு வாய் காயும்வரை சில நாள் நிழலில் சாத்திவைத்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக நடுங்கள். நம் பக்கம் போத்து நடுவது என்பார்களே, அதுதான். இரண்டு போத்து நட்டால் ஒன்றாவது பிடிக்கும்.

யோபு 14:7–9ஐ வாசியுங்கள். வெட்டுண்ட மரம் "தண்ணீரின் வாசனையினால்" துளிர்க்கும் என்கிறார். ஆனால் அடுத்த வசனத்திலேயே, மனுஷன் செத்தால் எங்கே என்றும் கேட்டுவிடுகிறார். வேதத்தில் இருக்கிற அழுகை அது, விசுவாசக் குறைவு என்று யாரும் அதை வெட்டி எடுக்கவில்லை. உங்களுக்கு வார்த்தை வராவிட்டால் சங்கீதம் ஒன்றை வாய்விட்டு வாசித்தால் போதும்.

தூக்கமின்மை வேறு. இத்தனை நாள் தூக்கம் இல்லையென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். நாத்தனாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

கேள்வி: லூக்கா 13ல் வருகிற அத்திமரமும் நம் ஏரிக்கரை அத்தியும் ஒன்றா? அது இங்கே வருமா? "கொத்தி எருப்போடுவேன்" என்பதை எப்படிச் செய்வது?
– ஊத்தங்கரை

பதில்: ஒன்றல்ல. நம் ஊர் அத்தி அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். உவமையில் வருவது சீமை அத்தி. (சகேயு ஏறிய காட்டத்தி மூன்றாவது ஜாதி.) சீமை அத்தி நம் வறண்ட பூமியில் நன்றாகவே வரும். தண்ணீர் வடியும் மண் வேண்டும், பழம் சிவக்கும்போது வலை வேண்டும், இல்லாவிட்டால் அணிலுக்குத்தான்.

கொத்துவது அடிமரத்தை ஒட்டி அல்ல. அங்கே பருத்த வேர்தான் இருக்கும், காயம்தான் மிச்சம். உச்சி நேரத்தில் கிளை நிழல் முடிகிற விளிம்பில் வட்டமாக, ஒரு அடி அகலம், அரை அடி ஆழம் எடுங்கள். வளர்ந்த மரத்துக்கு இரண்டு கூடை மட்கிய தொழுவுரமும், வேரில் நூற்புழு முடிச்சு தெரிந்தால் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் போட்டு மண் மூடித் தண்ணீர் விடுங்கள். மட்காத சாணம் வேண்டவே வேண்டாம், வேரைத் தின்னும் வெள்ளைப்புழு அதில்தான் வரும். மழைக்கு முன் வைகாசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை.